முந்திரிப்பருப்புக்குச் சொந்தக்காரி

ஜூன் 4, புதன்

நேற்று வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்தது. இடது கண்ணால் எழுதுகிறேன். எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் உலகு வேலைக்குப் போனாள். அவள் சொன்ன மற்றதையெல்லாம் கேட்கிறேன். தலைக்கு ஊற்றவில்லை, குனியவில்லை, டிவி பக்கம் கண்ணைத் திருப்பவில்லை.

உலகம்மாள் என் மகள் வேலம்மாளின் பெண். சென்னையில் வளசரவாக்கத்தில் இரண்டாம் மாடியில் இருக்கிறாள். டிவியில் ஒரு சிரிப்பு நிகழ்ச்சிக்கு எழுதுகிறாள். என்ன எழுதுகிறாள் என்று கோவில்பட்டியில் நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஆபரேஷனை இங்கே வந்து செய்துகொள்ளச் சொன்னாள், வந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு தீப்பெட்டி ஒட்டப் போனவள். எழுத்து கூட்டித்தான் வரும். அவள் தாத்தா இருந்தவரைக்கும் சாயங்காலமானால் அவரோடு சண்டை போடுவேன். அவர் போன பிறகு அந்த நேரம் சும்மா கிடந்தது. உரக்கடைக்காரர் கொடுத்த டைரி ஒன்று வீட்டில் இருந்தது. அப்படிப் பிடித்த பழக்கம்.

இன்று காலையில் கட்டை அவிழ்த்துவிட்டு டாக்டர் கையைத் தூக்கிக் காட்டி, "எத்தனை விரல் தெரியுதும்மா?" என்றார். "விரல் இருக்கட்டும் ஐயா, மொதல்ல நகத்தை வெட்டுங்க" என்றேன். நன்றாகத் தெரிகிறது என்பதற்குத்தான் சொன்னேன். அவர் முகம் போன போக்கு சரியில்லை. நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். உலகு வெளியே வந்ததும் போனை எடுத்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 5, வியாழன்

மருந்து எரிகிறது. வேறொன்றும் இல்லை.

ஜூன் 7, சனி

டிவியைப் பார்க்கத்தானே கூடாது, கேட்கலாமே. உலகு வேலை பார்க்கும் நிகழ்ச்சி சனிக்கிழமைதோறும் வருகிறது. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து கேட்டேன்.

ஒரு ஆண்பிள்ளை கிழவி குரலில் பேசுகிறான். ரேஷன் கடைக்காரனிடம் சொல்கிறான்: "ஏய்யா, நீ போட்ட அரிசியில கல்லு பொறுக்கிப் பொறுக்கிச் சேத்து வச்சிருக்கேன். சிமிண்டு மட்டும் ரெண்டு மூடை அனுப்பிவை, கக்கூஸ் கட்டிக்கிடுதேன்." கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது.

அது நான் சொன்னது. ஐப்பசி மாதம், தெருவில் முழங்கால் தண்ணீர், உலகு ஏழாம் வகுப்பு, பையைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். ரேஷன் கடை மாடசாமியிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. கார்டைத் தூக்கித் தண்ணீரில் எறிந்தான். அதன் அட்டையில் இன்னும் கறை இருக்கிறது. வரிசையில் நின்ற ஒரு பெண்பிள்ளைகூட எனக்காகப் பேசவில்லை. யார் யார் நின்றார்கள் என்று இப்போதும் சொல்வேன்.

சாயங்காலம் உலகு வந்ததும் கேட்டேன். "எவன்ட்டி அவன்?"

"டவுன்பஸ் தினகரன்னு பேரு ஆச்சி. நல்லாப் பண்ணுவாரு."

"என் பேச்சு அவனுக்கு எப்படிப் போச்சு?"

அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "நாந்தான் எழுதுனேன். மூணு வருசமா அந்த ஆச்சியை நாந்தான் எழுதுதேன்."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

பேசவில்லை. அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்றிருந்தாலும் ரசம் வைத்தேன். அதில் உப்புப் போடவில்லை. அவள் கேட்காமல் குடித்தாள். காரணம் அவளுக்குத் தெரியும்.

மத்தியானம் நானே கேட்டேன். "முடியும்போது எழுத்து ஓடுமே, அதுல ஒன் பேரு வருமா?"

"வராது ஆச்சி. டைரக்டர் பேரு வரும். தினகரன் பேரு வரும்."

"எழுதுனவ பேரு?"

"நிகழ்ச்சிக் குழுன்னு வரும்."

குழு என்றால் யார்? அந்தக் கல்லைப் பொறுக்கியது குழுவா? ராத்திரி ரசத்தில் உப்புப் போட்டேன்.

ஜூன் 11, புதன்

உலகு சீக்கிரம் வந்துவிட்டாள். குளிக்காமல் படுத்தாள். நயமாகக் கேட்டால் சொல்ல மாட்டாள் என்று, பால்காரனைக் குறை சொல்கிற சாக்கில் கேட்டேன்.

டைரக்டர் பிரேம்நாத் புதுச் சட்டம் போட்டிருக்கிறாராம். அடுத்த மாதம் நிகழ்ச்சி புதிதாக ஆரம்பிக்கிறது. இனி எழுத்துக்குத் தனி ஆள் கிடையாது. நடிக்கிறவன் தனக்குத் தானே எழுதிக்கொள்ள வேண்டும். எழுதுகிறவள் மேடை ஏறித் தானே பேச வேண்டும். "ஜனங்களுக்கு மூஞ்சி வேணும் உலகா. மூஞ்சி தெரியாத ஆளை வச்சு நான் என்ன பண்றது? ஆச்சியை இவ்வளவு நல்லா எழுதற, உனக்குப் பேச வராதா?" என்று கேட்டாராம். அங்கே அவளுக்கு உலகா என்றுதான் பெயர். இருபத்தேழாம் தேதி பரீட்சை. தேறாவிட்டால் வேலை இல்லை.

வேலை போனால் ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று வேலம்மாள் எப்போதோ சொல்லி வைத்திருக்கிறாள். அங்கே ஒரு பள்ளிக்கூட ஆபீசில் இடம் பார்த்தாயிற்று, மாப்பிள்ளையும் பார்த்தாயிற்று.

"நாலு பேரைப் பாத்தா எனக்கு நாக்கு ஒட்டிக்கிடும் ஆச்சி. ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். ஆண்டு விழாவில் வரவேற்புரை சொல்லப் போய் 'வருக' என்ற ஒரு சொல்லோடு இறங்கி வந்தவள்.

ஜூன் 14, சனி

தினகரன் சாப்பிட வந்தான். ஆறடி உயரம். வாசலிலேயே காலில் விழுந்தான். அவனைத் திட்டுவதற்கு இரண்டு மூன்று வைத்திருந்தேன், விழுந்தவனை என்ன சொல்வது.

"ஆச்சி, நீங்கதான் ஒரிஜினலா? மூணு வருஷமா உங்க புடவையைத்தான் கட்டிட்டிருக்கேன்."

"கட்டுன புடவையைத் தொவைச்சாவது குடுப்பியா?"

சிரித்தான். தேங்காய்ப்பால் சொதியும் உருளைக்கிழங்குப் பொரியலும் போட்டேன். மூன்று முறை சோறு வாங்கினான். சாப்பிடும்போதே அவன் கதையும் வெளியே வந்தது. புதுச் சட்டத்தால் அவனுக்கும் தூக்கம் இல்லை. "எனக்கு ஒரு வரி எழுத வராது ஆச்சி. உலகா குடுக்கறதைப் பேசுவேன். பேப்பரும் பேனாவும் குடுத்தா என் பேரைத்தான் எழுதுவேன்."

சாப்பிட்டுக் கை கழுவியதும் உலகுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தான். அவள் அந்த நகம் வெட்டுகிற விஷயத்தை எழுதி வைத்திருக்கிறாள். அவள் சொன்னாள், தண்ணீர் பில் வாசித்தது மாதிரி இருந்தது. என்னைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

தினகரன் தயங்கினான். "ஆச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சொன்னா டாக்டர் பயந்துடுவாரு. நீங்க கோவமா சொல்றீங்க."

"கோவம் வந்தாத்தானய்யா சொல்லவே தோணுது."

"தோணறதுக்குக் கோவம் வேணும். சொல்றதுக்கு அது வேணாம்."

பிறகு அவன் செய்தான். இல்லாத ஒரு கையை ரொம்ப நேரம் பார்த்தான். கிட்டே போனான். ஒவ்வொரு விரலாகத் தொட்டான். "அஞ்சும் தெரியுதுய்யா" என்று சந்தோஷமாகச் சொன்னான். அப்புறம் அந்தக் கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளையிடம் கேட்பது போல, "வீட்ல நகவெட்டி இல்லையா?" என்றான்.

எனக்கு இருமல் வந்தது. உலகு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு உலகு பேசிப் பழகுகிறாள். எனக்குக் கேட்கக் கூடாதாம். எல்லாம் கேட்கிறது.

கேட்கக் கேட்க செண்பகம் நினைப்புத்தான் வருகிறது. செண்பகம் என் வீட்டுக்காரரின் தங்கை. ஊரில் அவளுக்குத் தமாஷ்காரி என்று பெயர். எனக்கு வாயாடி என்று பெயர். இரண்டு பேர் சொன்னதும் ஒரே பேச்சுத்தான், நான் சொன்னதை அவள் சொன்னாள்.

கழுகுமலையில் ஒரு கல்யாணம். வேலம்மாள் கைக்குழந்தை. மாப்பிள்ளை வீட்டார் பாயசம் ஊற்றினார்கள். வெறும் தண்ணீர். என் இலையில் மட்டும் ஒரே ஒரு முந்திரிப்பருப்பு. நான் சொன்னேன்: "பாவம், கூட்டத்துல வழி தப்பி வந்துட்டு. அப்பா அம்மா தேடுவாங்க, மைக்குல சொல்லச் சொல்லுங்க." என் மாமியார் பந்தியிலேயே, "வந்த எடத்துல குறை சொல்லுத வாயி" என்று என் பேச்சை அறுத்தாள். நான் தலை குனிந்தேன்.

எனக்கு அடுத்த இலையில் செண்பகம். எழுந்து நின்றாள். என் இலையில் இருந்த அந்தப் பருப்பை இரண்டு விரலால் எடுத்து எல்லோருக்கும் காட்டி அதையே சொன்னாள். பந்தி முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளையின் அப்பாவே மைக்கில் போய்ச் சொன்னார். திரும்பி வரும்போது ஒரு கை நிறைய முந்திரிப்பருப்பு கொண்டுவந்து போட்டார், அவள் இலையில். என் மாமியாரும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு பல் இல்லாதது தெரிந்தது.

அன்றோடு செண்பகத்திடம் பேச்சை விட்டேன். சாவுக்குப் போவேன், கல்யாணத்துக்குப் போவேன், அவளிடம் பேச மாட்டேன். மகள் சொன்னால் தமாஷ். மருமகள் சொன்னால் குறை. இதில் மாமியாரை விட்டுவிட்டேன், அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். செண்பகம் இருக்கிறாள்.

ஜூன் 20, வெள்ளி

உலகு சாப்பிடவில்லை. தோசை மாவு புளித்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

பேத்திக்காகச் செய்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

வேலம்மாளிடம் செண்பகத்தின் நம்பரை வாங்கினேன். ஏன் எதற்கு என்று அவள் கேட்க ஆரம்பிப்பதற்குள் வைத்துவிட்டேன். உலகுதான் போட்டுக் கொடுத்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"யாரு?"

"நாந்தான்."

"எந்த நான்?"

"முந்திரிப்பருப்புக்குச் சொந்தக்காரி."

"மதினியா? உசுரோடதான் இருக்கியளா?" என்றாள்.

"ஒன்ன அனுப்பிட்டுத்தான் போவேன். இப்ப ஒரு காரியத்துக்குக் கூப்பிட்டேன். அன்னைக்கு அதை எப்படிச் சொன்ன? பேத்தி மேடையில பேசணும், அவளுக்குச் சொல்லு."

"எப்படின்னா என்ன மதினி சொல்ல? நீங்க சொன்னதும் எனக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துட்டு. அதுக்குள்ள அம்மா ஒங்க பேச்ச அறுத்துட்டா. ஒங்க மூஞ்சி செத்துப் போச்சு. இவ்வளவு நல்ல பேச்சு இப்படி வீணாப் போவுதேன்னு இருந்துச்சு. நான் மக, என்னை என்ன சொல்லிருவா? எந்திரிச்சுச் சொல்லிட்டேன்."

இப்போது இப்படிச் சொல்கிறாள். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை? கேட்டேன்.

"நீங்கதான் பேச விடலியே."

உலகு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அதுக்கப்புறம் எத்தனை பந்தியில சொல்லிச் சிரிக்க வச்ச?"

"ஒண்ணும் சொல்லல மதினி. எனக்கா எங்க தோணும்? நீங்க பக்கத்து எலையில இருந்தாத்தான். ரெண்டு மூணு கல்யாணத்துல எல்லாரும் என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் அப்பளத்தைத் தின்னுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். அப்புறம் யாரும் பாக்கல."

உலகு கேட்டாள் என்று அந்தப் பருப்பை இன்னொரு முறை சொல்லிக் காட்டினாள். அவளுக்கும் பல் போய்விட்டது போலிருக்கிறது, சொல் குழறுகிறது. ஆனால் 'மைக்குல' என்று சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன நேரம் நிறுத்தினாள். உலகு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். இந்தப் பத்துப் பதினைந்து நாளில் இன்றுதான் சிரிக்கிறாள்.

எனக்கு மறுபடியும் அந்த இருமல்.

போனை வைத்த பிறகு உலகு சொன்னாள்: "சின்னாச்சிக்குச் சொல்ல வருது, ஒனக்குத் தோணுது. எனக்கு ஒன்ன மாதிரித்தான் ஆச்சி."

"என்ன மாதிரி இருந்து என்னத்தக் கண்ட?" என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

பரீட்சை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நானும் போனேன். உள்ளே மார்கழிப் பனி மாதிரிக் குளிர். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூட்டத்தோடு உட்கார்ந்தேன்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒருவன் வந்து நின்று கையைத் தூக்கினான். கூட்டம் சிரித்தது. தாழ்த்தினான், நிறுத்தியது. மறுபடி தூக்கினான், தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தது. மேடையில் ஒருவரும் இல்லை. என் பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "எதுக்கும்மா சிரிக்கிய?" என்று கேட்டேன்.

"சிரிப்பை முதல்லயே எடுத்து வச்சுக்குவாங்க பாட்டி. அப்புறம் வேணுங்கற இடத்துல ஒட்டிக்குவாங்க. நீங்களும் சிரிங்க, கேமரா வருது."

நான் சிரிக்கவில்லை. ஊறுகாய் மாதிரி சிரிப்பை ஜாடியில் போட்டு வைக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் நான் கேட்டதில் எது ஊறுகாய், எது புதுசு என்று இனி எப்படித் தெரியும்?

உலகு என் சுங்குடிப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். எழுதினதை ஒரு சொல் விடாமல் சொன்னாள். நாக்கு ஒட்டவில்லை, அதுவே பெரிது. ஆனால் கையைத் தூக்குகிறவன் தூக்கும்போதெல்லாம் கூட்டம் சிரித்தது, அவள் ஒவ்வொரு தரமும் நிறுத்தி 'நன்றி' என்றாள். நகம் வெட்டுகிற இடம் வந்தது. அவனுக்கு அது எந்த இடம் என்று தெரியவில்லை, கையைத் தூக்கவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் புடவைக் கரையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

பிரேம்நாத் நாற்காலியிலிருந்தே சொன்னார். "எழுத்து பிரமாதம் உலகா. ஆனா ஒனக்கு வரலைம்மா."

அவள் இறங்கி வந்து அவர் முன்னால் நின்றாள். முதுகுதான் எனக்குத் தெரிந்தது, குரல் தெளிவாகக் கேட்டது. "தெரியும் சார். நான் பேச மாட்டேன். எழுதுவேன். பேரு போட்டா எழுதுவேன்."

அவர் சிரித்தார். யாரும் கையைத் தூக்கவில்லை. அன்று அந்த இடத்தில் வந்த நிஜச் சிரிப்பு அது ஒன்றுதான்.

ஆட்டோவில் வரும்போது புடவைக் கசங்கலை நீவிக்கொண்டே வந்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

வேலம்மாள் இரண்டு முறை போன் செய்தாள். பள்ளிக்கூட ஆபீசில் பத்தாம் தேதிக்குள் சொல்ல வேண்டுமாம். உலகு துணியை மடித்துப் பெட்டியில் வைக்கிறாள். கண்ணுக்கு மருந்து தினமும் ஒரு வேளை போதும் என்று டாக்டர் சொன்னார். நகம் வெட்டியிருந்தார்.

ஜூலை 5, சனி

டிவியைக் கண்ணாலேயே பார்த்தேன். நிகழ்ச்சி புதிதாக ஆரம்பித்திருக்கிறது.

தினகரன் ஆச்சி வேஷத்தில் வந்தான். அவனே எழுதினது. அந்தக் கிழவி செல்போனில் படம் எடுக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள். எந்த ஆச்சி அப்படிச் செய்வாள்? பாவம், அவன் நன்றாகத்தான் செய்தான். பார்க்க வேண்டியதைப் பார்த்தான், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினான். நிறுத்தினதுக்கு அப்புறம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஊறுகாயை எடுத்து ஊற்றினார்கள்.

செண்பகம் அப்பளத்தைத் தின்றுவிட்டு எழுந்தது இப்படித்தான் இருந்திருக்கும்.

உலகு பாதியில் எழுந்து போய்க் கொடியில் காய்ந்ததை எடுத்தாள். மழையும் இல்லை ஒன்றும் இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

தினகரன் வந்தான். சாப்பாடு வேண்டாம் என்றான், உட்காரவும் இல்லை.

"உலகா, நேத்து டைரக்டர்கிட்ட சொல்லிட்டேன். அவ இல்லாம இனி நான் புடவை கட்டமாட்டேன்னு. கத்தினாரு. அப்புறம் சனிக்கிழமை வந்ததைத் திருப்பிப் போட்டுப் பாத்தாரு. உன்னை வரச் சொல்றாரு."

உலகு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். "பேரு?"

"அதுக்குத்தான் இழுக்கறாரு. ஒருத்தருக்குப் போட்டா எல்லாரும் கேப்பாங்களாம்."

"கேக்கட்டும். அப்ப நான் வரலண்ணே."

"ஏம்மா, வேலையே திரும்பக் கிடைக்குது. பேரு அப்புறம் பாத்துக்கலாமே." என் பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்க ஆச்சி."

என்னிடமா கேட்கிறான். "பேரு இல்லாம பேசுனா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும்யா. நீ போய் ஒங்க டைரக்டர்ட்ட சொல்லு. அவ இங்கயே இருப்பா. நானும் இருப்பேன். அவருக்கு நேரம் இருந்தா வந்து கேக்கட்டும், என் வாயால சொல்லுதேன்."

தினகரன் முகத்தில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது. "அதை அப்படியே சொல்லட்டுமா?"

"நீ ஒன் மாதிரியே சொல்லு. கோவம் இல்லாம."

ஜூலை 10, வியாழன்

காலையில் உலகுக்குப் போன் வந்தது. பத்து நிமிஷம் 'சரி சார்' என்றாள். அப்புறம் பெட்டியைத் திறந்து துணியை எடுத்துக் கொடியில் போட்டாள். எல்லாம் துவைத்த துணி.

வேலம்மாளுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

ஜூலை 19, சனி

இன்று அந்த நகம் வெட்டுகிற விஷயம் வந்தது. தினகரன் அந்தக் கையை மடியில் எடுத்து வைத்ததும் கூட்டத்தில் ஒரு குழந்தை முதலில் சிரித்தது, அப்புறம் எல்லோரும். இது ஊறுகாய் இல்லை. கையைத் தூக்கிக் காட்டிக் குழந்தையைச் சிரிக்க வைக்க முடியாது.

முடிந்ததும் எழுத்து ஓடியது. புதுக் கண்ணை நன்றாக விரித்து வைத்திருந்தேன். 'எழுத்து' என்று கூட்டி முடிப்பதற்குள் ஓடிவிட்டது. நான் படித்த படிப்புக்கு அந்த வேகம் ஆகாது. உலகு போனில் அதை எடுத்து நிறுத்திக் காட்டினாள். உ, ல, க, ம், மா, ள். ஒவ்வொன்றாகப் படித்தேன். அவள் தாத்தாவின் அம்மா பெயர். அந்த மாமியாரின் பெயர்தான். வேலம்மாள் வைத்த பெயர், நான் வைத்ததில்லை.

போகட்டும். அந்தக் கிழவிக்கும் இப்படி ஒரு பேர் வந்தது.

ஜூலை 20, ஞாயிறு

செண்பகம் போன் செய்தாள். என் பேத்தி பெயர் வந்ததைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டாளாம். அதை இரண்டு தரம் சொன்னாள், ஆனால் அதற்காகக் கூப்பிடவில்லை என்று தெரிந்தது. நானாக வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவளே வந்தாள்.

"மதினி, ஆவணியில என் பேத்திக்குக் கல்யாணம். நீங்க வரணும். எனக்கு அடுத்த எலையில உக்காரணும். பந்தியில சொல்லுததுக்கு ஏதாவது இருக்கா?"

இருந்தது. அவள் கேட்பதற்கு முன்னாலேயே இருந்தது. ஆனால் உடனே கொடுக்க நான் என்ன இளிச்சவாயா.

"தாரேன். ஆனா சொல்லும்போது, இது எங்க மதினி சங்கரவடிவு சொன்னதுன்னு எல்லாருக்கும் கேக்குத மாதிரிச் சொல்லணும்."

"மொதல்லயே பேரைச் சொல்லிட்டு அப்புறம் சொன்னா எவன் மதினி சிரிப்பான்?"

"அது ஒன் பாடு. சிரிக்க வைக்கத்தான நீ இருக்க" என்றேன்.